இரண்டு வட்டியும் எம்.பி.ஏ. விண்ணப்பமும்

(கலைக்கல்லூரி மாணவர்களும் பணியில் இருக்கும் பட்டதாரிகளும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஞ்சினியரிங் படித்து, மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு வருடம் இருந்து, பிறகு எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு வழி சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் பேச வந்தது மற்றவர்களுக்காக. தமிழ் இலக்கியம் படித்துவிட்டுப் பத்திரிகையில் நிருபராக இருப்பவர், வரலாறு படித்துவிட்டுப் பள்ளியில் பாடம் எடுக்கிறவர், சமூகப்பணி முடித்துத் தொண்டு நிறுவனத்தில் ஊர் ஊராகப் போகிறவர், மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருப்பவர். இவர்களும் மேலாண்மைப் படிப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். யோசித்த கையோடு பயந்தும் விடுகிறார்கள்.

நான் மேலாண்மைப் பள்ளியில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்தியவன். சேர்க்கை நேர்காணல்களில் மேஜைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். கலைப் பட்டதாரிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், எனக்கு மேத்ஸ் பத்தாவதோட போச்சு. என் வேலையிலயும் நம்பரே கிடையாது. என்னை எடுப்பாங்களா?”

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. முதலில் அதைப் பிரிக்க வேண்டும். ஒரு மேலாண்மைப் பள்ளி உங்களைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறது. முதல் பருவத்துப் பாடத்தில் இந்த ஆள் தாக்குப்பிடிப்பாரா என்பது ஒன்று. வகுப்பில் இருக்கும் மற்றவர்களுக்குத் தெரியாத எதை இவர் கொண்டு வருகிறார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் கணக்கு. இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் வேலை. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. முதல் கேள்விக்கான பதிலை உங்கள் வேலையிலிருந்து பிழிந்து எடுக்கப் பார்க்கும்போதுதான் விண்ணப்பம் கெட்டுப்போகிறது.

அது எப்படிக் கெடுகிறது என்று சொல்கிறேன். மாவட்ட நிருபராக நான்கு வருடம் நல்ல வேலை செய்த ஒருவர் தன் விண்ணப்பத்தில், “தரவுகளைப் பகுப்பாய்வு செய்து வாசகர் வளர்ச்சிக்கான உத்திகளை வகுத்தேன்” என்று எழுதுகிறார். யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த வாக்கியம். நேர்காணலில் ஒரு பேராசிரியர் கேட்கிறார்: என்ன தரவு, எங்கிருந்து வந்தது, வளர்ச்சியை எப்படி அளந்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குள் ஆள் வியர்வையில் நனைந்துவிடுகிறார். அதே மனிதர் மணல் குவாரி விவகாரத்தில் நாலு துறை அதிகாரிகளிடம் தகவல் வாங்கியிருப்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டு, வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகும் தன் செய்தியில் உறுதியாக நின்றிருப்பார். ஒரு வகுப்பில் அறுபது எஞ்சினியர்கள் உட்கார்ந்திருந்தால் அவர்களில் யாருக்கும் இந்த அனுபவம் இருக்காது. இருக்கிற தங்கத்தைப் புதைத்துவிட்டு இல்லாத பித்தளையைக் காட்டுகிறார்கள். என்னை மிகவும் வருத்தப்படுத்துவது இதுதான்.

ஆகவே கணக்கைத் தனியாக எடுத்துக்கொள்வோம். அது எவ்வளவு பெரியது என்று முதலில் பார்த்துவிடலாம். பயத்தில் பாதி, அளவு தெரியாததால் வருவது.

இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐ.ஐ.எம்.கள் சேர்க்கைக்கு நடத்தும் கேட் தேர்வைப் பாருங்கள். மூன்று பகுதிகள்: ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும், தரவு விளக்கமும் தர்க்கமும், பிறகு குவான்ட் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். 2024-இல் மொத்தம் 68 கேள்விகள் வந்தன. அதில் கணக்கு 22. சரியான விடைக்கு 3 மதிப்பெண். தெரிவு கொடுத்துக் கேட்கும் கேள்வியில் தவறினால் 1 போகும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்வியில் தவறினால் ஒன்றும் போகாது. திரையிலேயே ஒரு கால்குலேட்டர் இருக்கும். முடிவு பர்சன்டைலில் வரும். பர்சன்டைல் என்றால் நூற்றுக்கு எத்தனை மார்க் என்ற பொருளில்லை. எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்களுக்குக் கீழே இருக்கிறார்கள் என்பது. கணக்குப் பகுதியில் பாதிக் கேள்விகளைத் தொடாமலேயே நல்ல பர்சன்டைல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 22 கேள்வியில் எதை விடுவது என்று தெரிந்திருப்பது அங்கே பெரிய திறமை. பள்ளியில் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதியே ஆகவேண்டும் என்று வளர்ந்த நமக்கு அதுதான் கடினம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஐ.ஐ.எம்.கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கட்-ஆஃப் வைக்கின்றன. ஆங்கிலத்தில் பிரமாதமாக எழுதிக் கணக்கை ஈடுகட்டிவிடலாம் என்ற நினைப்பு அங்கே பலிக்காது. கணக்குக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது. அதைத் தொட்டே ஆகவேண்டும்.

அந்தத் தரை எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டு அரசுப் பாடநூலில் இருக்கிறது. 2019-இல் வந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும் என்று எட்டு இயல்கள். கேட் கணக்கின் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். இதோடு கீழ் வகுப்புகளில் படித்த விழுக்காடு, விகிதம், லாப நஷ்டம், வேலையும் காலமும், வேகமும் தூரமும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசை மாற்றமும் சேர்மானமும், மடக்கையும் மேல் வகுப்பிலிருந்து கொஞ்சம் வேண்டும். அவ்வளவுதான் பாடப்பரப்பு. கேள்விகள் பள்ளிக் கேள்விகளைவிடச் சுற்றி வளைத்து வரும், உண்மை. ஆனால் சுற்றி வளைப்பதைப் பழக முடியும். அடிப்படை இல்லாமல் பழக முடியாது. கோச்சிங் சென்டரில் பணம் கட்டிச் சேர்ந்து முதல் நாளே குறுக்குவழிச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யும் கலைப் பட்டதாரிகளை நிறையப் பார்க்கிறேன். மூன்று மாதத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். குறுக்குவழி என்பது நேர்வழி தெரிந்தவனுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு. நேர்வழியே தெரியாதவனுக்கு அது வெறும் சுமை.

இரண்டாவது புத்தகம் ஒன்று சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பு ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’. 2018-இல் வந்த பாடத்திட்டத்தில் இருப்பது. அணிகள், வகைநுண்கணிதமும் அதன் பயன்பாடுகளும், நிதியியல் கணிதம், விவரப் புள்ளியியலும் நிகழ்தகவும், ஒட்டுறவும் தொடர்புப் போக்கும், செயல்முறைகள் ஆராய்ச்சி என்றெல்லாம் அதில் பாடங்கள் உண்டு. எம்.பி.ஏ. முதல் பருவத்தில் புள்ளியியல், நுண்பொருளாதாரம், நிதி ஆகிய வகுப்புகளில் ஆசிரியர் உங்களிடம் எதிர்பார்க்கும் கணித அடித்தளம் இந்த ஒரே புத்தகத்தில் பெரும்பாலும் இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. அரசு இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மூன்று வருடம் கழித்து வரப்போகும் ஒரு லட்சம் ரூபாய்க்கு, ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்றால், இன்றைய மதிப்பு என்ன? ஒரு லட்சத்தை 1.1-ஆல் மூன்று முறை வகுத்தால் ஏறக்குறைய 75,131 ரூபாய். நிதிப் பாடத்தின் பாதி இந்த ஒரு வகுத்தலின் மேல் நிற்கிறது. அந்தப் பாடத்தில் தோற்கிறவர்கள் கணக்கு வராமல் தோற்பதில்லை. வகுக்கும்போது என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் தோற்கிறார்கள். அந்த யோசனையில் கலைப் படிப்புக்காரர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

ஒரு கேள்வி கேட்கிறேன், தாளும் பேனாவும் வேண்டாம். ஒரு வகுப்பில் மாணவிகளில் 80 விழுக்காடும் மாணவர்களில் 60 விழுக்காடும் தேர்ச்சி. மொத்த வகுப்பின் தேர்ச்சி 74 விழுக்காடு. வகுப்பில் மாணவிகள் அதிகமா, மாணவர்கள் அதிகமா? இருவரும் சம அளவில் இருந்தால் மொத்தம் 70 வந்திருக்கும். 74 என்பது மாணவிகளின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆகவே மாணவிகள்தான் அதிகம். எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. பள்ளி ஆசிரியர் யாராவது இங்கே இருந்தால் ரிசல்ட் வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் இதே யோசனையைச் செய்திருப்பார். ஜிமேட் தேர்வில் ‘தரவு போதுமானதா’ என்றே ஒரு வகைக் கேள்வி உண்டு. விடையைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். கொடுத்திருக்கும் தகவல் விடை சொல்லப் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். சாட்சி போதுமா என்று பார்க்கும் வழக்கறிஞரும், செய்தி அச்சிடத் தகுந்ததா என்று பார்க்கும் துணை ஆசிரியரும் தினமும் செய்கிற காரியம் அது.

ஜிமேட் என்றதும் அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பள்ளிகளுக்கும், இங்கே ஐ.எஸ்.பி. என்ற இந்திய வணிகப் பள்ளிக்கும், அனுபவம் உள்ளவர்களுக்காக ஐ.ஐ.எம்.கள் நடத்தும் ஓராண்டுப் படிப்புகளுக்கும் பெரும்பாலும் ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. வேண்டும். 2023 நவம்பரில் ஜிமேட்டின் வடிவம் மாறியது. இப்போது மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். கணக்குப் பகுதியில் 21 கேள்விகள், வடிவியலை எடுத்துவிட்டார்கள். அங்கே கால்குலேட்டர் கிடையாது, தரவுப் பகுதியில் மட்டும் உண்டு. மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. ஐந்தாண்டு செல்லும். ஜி.ஆர்.இ. கணக்குப் பகுதியில் கால்குலேட்டர் உண்டு. எண்களைக் கையால் வகுக்கத் தயங்குகிறவர்கள் அதைப் பரிசீலிக்கலாம். பல பள்ளிகள் இரண்டையும் ஏற்கின்றன. எட்டு, பத்து வருடம் ஆசிரியராக இருந்தவர் கேட் எழுதி இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு இரண்டாண்டு உட்காருவதைவிட இந்த வழியைப் பார்ப்பது நல்லது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ஓராண்டுப் படிப்புக்குக் குறைந்தது நான்கு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். பெங்களூருவில் ஐந்து.

அடுத்தது சான்றிதழ்கள். இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கேட் வழியாகப் போகும்போது, நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்பது பெரும்பாலும் சூத்திரத்தால் முடிவாகிறது: கேட் மதிப்பெண், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்கள், வேலை அனுபவம், இன்ன பிற. நீங்கள் எடுத்த ஆன்லைன் சான்றிதழுக்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். வெளிநாட்டுப் பள்ளிக்கும் ஓராண்டுப் படிப்புக்கும் விண்ணப்பிக்கும்போது கதை வேறு. அங்கே விண்ணப்பத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார். பட்டப்படிப்பில் கணக்கு ஒரு தாள்கூட இல்லை என்றால் அவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, மேற்பார்வையோடு நேரில் தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கிய ஒரு புள்ளியியல் பாடம் பெரிய உதவி. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் பட்டத்தின் அடிப்படை நிலையில் கணிதமும் புள்ளியியலும் உண்டு; எஞ்சினியரிங் படிக்காதவர்களும் சேரலாம். ஹார்வர்ட் மேலாண்மைப் பள்ளியே, வணிகப் படிப்பின் பின்புலம் இல்லாதவர்களுக்காகக் கணக்கியல், பொருளாதாரம், தரவுப் பகுப்பாய்வு மூன்றையும் சேர்த்து ‘கோர்’ என்று ஓர் ஆன்லைன் பாடம் வைத்திருக்கிறது. கட்டணம் அதிகம். நம் ஊர் வசதியில் என்.பி.டி.இ.எல். போதும் என்பது என் கருத்து.

இத்துடன் முதல் கேள்வி முடிந்தது. அடிப்படைப் பாடம், ஒரு தேர்வு மதிப்பெண், தேவைப்பட்டால் ஒரு பாடச் சான்று. இதற்குமேல் உங்கள் கணக்குத் திறமையைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு வரிகூட வேண்டாம். “எனக்குக் கணக்குப் பின்புலம் இல்லை என்றாலும்…” என்று கட்டுரையைத் தொடங்குகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்பதற்கு நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. அதாவது உங்கள் வேலை. இங்கேதான் நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

“என் வேலையில நம்பரே கிடையாது” என்பது பெரும்பாலும் உண்மையில்லை. எண்கள் இருக்கின்றன, யாரோ வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்பதே உண்மை. அந்த எண்களைத் தெரிந்துகொள்ளச் சொல்வதும், செய்யாத பகுப்பாய்வைச் செய்ததாகச் சொல்லச் சொல்வதும் ஒன்றில்லை. முதலாவது உங்கள் தொழிலை முழுமையாகப் புரிந்துகொள்வது. இரண்டாவது பொய்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் ஐஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. அன்றிலிருந்து எத்தனையோ கலைப் பட்டதாரிகள் களப்பணியாளர்களாக இந்தக் குழுக்களோடு வேலை பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் இங்கே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ‘இரண்டு வட்டி’ என்றால் அவருக்குத் தெரியும்: நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 விழுக்காடு. வட்டி கட்டாமல் முதலோடு சேர்ந்துகொண்டே போனால் வருடக் கடைசியில் அது ஏறக்குறைய 26.8 விழுக்காடு ஆகிவிடும். இது ஒரு கணக்கு.

இன்னொன்று. ஊருக்குள் ஒரு நிதி நிறுவனம் வந்து, “குழுவில் 24 விழுக்காடு வாங்குகிறார்கள், நாங்கள் 12 விழுக்காடுதான்” என்கிறது. 12,000 ரூபாய் கடன். வருடத்துக்கு 12 விழுக்காடு என்று 1,440 ரூபாய் வட்டி போட்டு, மொத்தம் 13,440-ஐப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 1,120 கட்டச் சொல்கிறது. கேட்பதற்குப் பாதி வட்டி போல இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் கையில் 12,000 ரூபாய் வருடம் முழுக்க இருக்கிறதா? மாதாமாதம் அசலில் 1,000 திரும்பிப் போகிறது. முதல் மாதம் 12,000, அடுத்த மாதம் 11,000, கடைசி மாதம் வெறும் 1,000. சராசரியாக அவர் கையில் இருந்தது 6,500 ரூபாய்தான். அதற்கு 1,440 ரூபாய் வட்டி என்றால் ஏறக்குறைய 22 விழுக்காடு. துல்லியமாகப் போட்டால் இருபத்தொன்றரை வரும். 12 என்று சொன்னது 22-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. குழுவில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றால், இரண்டு கடனுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. குழுக் கடனின் வட்டி குழுவின் பணமாகவே தங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எது மலிவு என்ற கேள்விக்கே பதில் மாறலாம்.

இந்தக் கணக்கைக் குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து, படிக்காத பெண்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கிய ஒரு களப்பணியாளர், தன் விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்? “நிதிப் பகுப்பாய்வு செய்தேன்” என்று எழுதவே கூடாது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். எந்தக் கடன், என்ன சொன்னார்கள், நான் எப்படி விளக்கினேன், எத்தனை பேர் கடன் வாங்காமல் விட்டார்கள், வாங்கியவர்கள் ஏன் வாங்கினார்கள். வாங்கியவர்களின் காரணம் மிக முக்கியம். வட்டி அதிகம் என்று தெரிந்தும், நாளைக்கே பணம் வேண்டும் என்பதற்காக ஒரு பெண் கடன் வாங்குகிறார் என்றால் அது நேரத்தின் விலை. மேலாண்மை வகுப்பில் வாடிக்கையாளரைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் பேசியும் சில பேருக்கு அது பிடிபடுவதில்லை. இவர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறார்.

நீங்கள் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டு நிதி வருகிறதா? 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கு 50 விழுக்காடு வரை இருந்த அனுமதி 20 விழுக்காடாகக் குறைந்தது. உங்கள் அலுவலகத்தில் அதனால் யார் வேலை போனது, எந்தப் பதவி பெயர் மாறியது, கணக்காளர் ஏன் இரவு வரை உட்கார்ந்தார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சட்டத்தின் ஒற்றை எண் ஒரு நிறுவனத்தின் அமைப்பையே மாற்றுவதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறீர்கள். ஆசிரியராக இருந்தால் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்வதும், உங்கள் வகுப்பில் உண்மையில் எத்தனை பேர் என்பதும், அந்த இடைவெளியை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நிருபராக இருந்தால் பத்திரிகையின் விற்பனை விலை அதன் தாள் செலவுக்காவது கட்டுமா, மீதி எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நேர்காணலில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பத்து வருடம் ஒரு நிறுவனத்தில் இருந்துவிட்டு, “இந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது?” என்ற கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், நிர்வாகம் படிக்க வந்திருக்கிறேன் என்று சொல்வதில் பொருளே இல்லை. அலுவலகத்துக் கணக்குப் பிரிவில் ஒருவரிடம் போய், “அண்ணே, நம்ம வரவு செலவைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க” என்று கேளுங்கள். சொல்லிக் கொடுப்பார்கள். இதுவரை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

நேர்காணலைப் பற்றி இன்னும் ஒன்று. கலைப் பட்டதாரிகள் பங்குச்சந்தைக் குறியீடு, ரெப்போ வட்டி, பட்ஜெட் என்று மூச்சு முட்டப் படித்துவிட்டு வருகிறார்கள். மேஜை முன் உட்கார்ந்ததும் பேராசிரியர் கேட்பது, “பி.ஏ. தமிழ் படித்திருக்கிறீர்களே, சிலப்பதிகாரத்தில் வணிகத்தைப் பற்றி என்ன இருக்கிறது?” என்று. பதில் வருவதில்லை. மாசாத்துவான் தரைவழி வணிகன், கோவலன் அவன் மகன், கதையே ஒரு வணிகக் குடும்பத்தின் சரிவைப் பற்றியது என்று ஒரு தமிழ் மாணவர் சொல்லியிருந்தால் அந்த அறையே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் பாடத்தை நீங்கள் மதிக்கவில்லை என்றால் அதை அவர்கள் ஏன் மதிக்க வேண்டும்? மூன்று வருடம் படித்ததை மறுபடி எடுத்துப் படியுங்கள். நேர்காணலுக்கு அதுதான் முதல் தயாரிப்பு.

பரிந்துரைக் கடிதம் கேட்கும் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: நம் தலைமையாசிரியர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் எழுதும் கடிதம் பெரும்பாலும் நன்னடத்தைச் சான்றிதழ் போல இருக்கும். நேரத்துக்கு வருவார், பணிவானவர், கடமை தவறாதவர். அவர்கள் மனதார எழுதுகிறார்கள், ஆனால் அது பயன்படாது. அவரோடு ஒரு மாலை உட்காருங்கள். ஆண்டுவிழாச் செலவை நீங்கள் கையாண்டது, இடைநின்ற பிள்ளைகளின் வீட்டுக்குப் போனது, அவரோடு கருத்து வேறுபட்டு வாதாடியது, இவற்றையெல்லாம் நினைவுபடுத்துங்கள். வாதாடியதைப் பற்றிக்கூட எழுதச் சொல்லுங்கள்.

“இதெல்லாம் சரி, எஞ்சினியர்களுக்கென்றே கட்டிய இடம்தானே அது?” என்று கேட்கலாம். அகமதாபாத் ஐ.ஐ.எம். 1961-இல் தொடங்கியது. 1965-இல் அதன் முதல் முழுநேர இயக்குநராக வந்தவர் ரவி மத்தாய். முனைவர் பட்டம் இல்லாதவர். ஆக்ஸ்போர்டில் இளங்கலை படித்துவிட்டுக் கல்கத்தாவில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். 1972-இல் தானாகவே பதவியை விட்டு விலகி, அதே நிறுவனத்தில் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். பிறகு ராஜஸ்தானத்தில் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குப் போய் நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் வேலை செய்தார். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் மரபை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அவர். இன்றும் அங்கே நேர்காணலுக்கு அழைக்கும்போது பட்டப்படிப்பின் துறைவாரியாக விண்ணப்பதாரர்களைப் பிரித்து மதிப்பிடும் முறை இருக்கிறது; கலைப்பிரிவு மதிப்பெண்ணை எஞ்சினியரிங் மதிப்பெண்ணோடு அப்படியே ஒப்பிடுவதில்லை. வேறு பல ஐ.ஐ.எம்.களில் எஞ்சினியரிங் அல்லாத பட்டத்துக்கும் பெண்களுக்கும் கூடுதல் புள்ளிகள் உண்டு. அந்த ஏற்பாட்டால் 2013-இல் கோழிக்கோடு ஐ.ஐ.எம்.மில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அது சலுகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே மாதிரி யோசிக்கும் அறுபது பேரை ஒரு வகுப்பில் உட்கார வைத்து ஒரு நிறுவனத்தின் பிரச்சினையை விவாதிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். ஐ.ஐ.எம்.களின் கட்டணம் பல லட்சம். பெரும்பாலோர் வங்கிக் கடனில்தான் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் அந்தக் கடன் உங்கள் வேலையைத் தீர்மானிக்கும். திரும்பவும் தொண்டு நிறுவனத்துக்கே போவேன் என்று விண்ணப்பத்தில் எழுதியவர் வங்கித் தவணைக்காக வேறெங்கோ போக வேண்டிவரும். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஊரகத்திலேயே வேலை செய்ய வேண்டும் என்பவர்கள் 1979-இல் வர்கீஸ் குரியன் ஆனந்தில் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கழகம் போன்ற இடங்களையும் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே குறைந்த செலவில் படிக்க நினைப்பவர்களுக்கு மாநிலப் பொது நுழைவுத் தேர்வான டான்செட் வழி இருக்கிறது. ஐ.ஐ.எம். கிடைக்கவில்லை என்றால் படிப்பே வேண்டாம் என்று முடிவுகட்டாதீர்கள்.

கேட் தேர்வு சில ஆண்டுகளாக நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் மூடும். பட்டப்படிப்பில் 50 விழுக்காடு இருந்தால் போதும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45. நாளைக்குக் காலையில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இறக்கி இரண்டாம் இயலிலிருந்து தொடங்குங்கள். அதே வாரத்தில் உங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் இருக்கும் அந்த அண்ணனையோ அக்காவையோ போய்ப் பாருங்கள். விண்ணப்பக் கட்டுரையை அதற்குப் பிறகு எழுதுங்கள்.